மூன்றாவது பாட்டு

நாற்பது நிமிடம் என்று டை பெட்டியின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறது, நரை அதிகமிருந்தால் நாற்பத்தைந்து. முன்நெற்றியில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை, காதோரம் இரண்டு பக்கமும் வெள்ளை, வகிட்டில் ஒரு கோடு, இது அதிகமா குறைவா என்று யாரிடம் கேட்பது, நாற்பத்தைந்தே இருக்கட்டும் என்று போனில் அலாரம் வைத்துவிட்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாய முடியாது, சுவரில் கறை ஒட்டும். படுக்க முடியாது. இரண்டு கையிலும் பெட்டிக்குள் வந்த பிளாஸ்டிக் உறை, உறை முழுக்கக் கறுப்பு, அதனால் எதையும் தொடவும் முடியாது. சனிக்கிழமை காலை பதினொன்றே கால். குரோம்பேட்டையின் இந்த இரண்டாவது மாடிக்குக் கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அது கிளம்ப மாட்டேன் என்கிறது. நாளை சாயங்காலம் ஆழ்வார்பேட்டையில் எண்பது பேர் உட்காரும் ஒரு சின்ன ஹாலில் என் முதல் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பாடப்போகிறேன். அது வெளிவந்து பதினைந்து வருஷம் ஆனதற்காக. போஸ்டரில் என் பெயரை ஹெப்சி என்று சின்ன எழுத்தில் போட்டு, சினிமாவில் ஒரு பாட்டுக்கூடப் பாடாதவர் என்று அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், ஏதோ நான் விரதம் இருந்ததுபோல. யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இருபத்தாறு வயதில் எடுத்த அட்டைப்படத்துக்குப் பக்கத்தில் நாற்பத்தொரு வயதுத் தலை நிற்கவேண்டும் என்பதால் இந்தக் கறுப்பு. அந்தத் தலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் வெளிச்சமானது, ஜெமி. அக்கா பியூலாவின் மகள், பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு. எனக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் தவிர எதுவும் அனுப்பாத பெண். "சித்தி, ஒண்ணு கேக்கணும். உங்க மூணாவது பாட்டுல வர்ற பாப்பா நானா?"

உறையில் கறுப்பு படாத வலது சுண்டுவிரலால் திறந்து இரண்டாவது முறை படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்றெல்லாம் எதிர்பார்த்து நானே எனக்குள் எட்டிப் பார்த்தேன். பல்வலிக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல. கன்னம் இருக்கிறது, கிள்ளுவதும் தெரிகிறது, வலி மட்டும் வேறு யாருக்கோ. டையின் நாற்றம் மூக்கில் ஏறியது. பதினாறு வருஷமாக இந்தக் கேள்வி என்றைக்கு வரும் என்று பயந்ததுண்டு, ரயிலில் போகும்போது, குளிக்கும்போது, பாடிக்கொண்டிருக்கும்போதே கூட. பயந்து பயந்து அந்த இடம் மரத்துப்போயிருக்கும். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று யோசிக்க வேண்டியதில்லை, நானேதான் சொன்னேன். போன வாரம் ஒரு பெண் வந்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தாள், நேற்று அது வெளியாகியிருக்கிறது. நல்ல பெண், கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவள், அதுதான் ஆபத்து. அந்த ஆல்பத்தை இன்றைக்குச் செய்வதாக இருந்தால் எந்தப் பாட்டைப் போட மாட்டீர்கள் என்று கேட்டாள். மூன்றாவது பாட்டு என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, சும்மா பார்த்தாள். அந்த அமைதியை நிரப்ப நான் பேசினேன், அது என் வார்த்தை இல்ல, எனக்கு ரொம்ப நெருக்கமான ஒருத்தி எங்கிட்ட சொன்னது, அவ கொழந்தைக்கு இப்ப பதினாறு வயசு. சொல்லும்போதே ஒரு சுகம் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு வெளிப்படையாப் பேசுறீங்க மேடம் என்று அவள் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன், குனிந்தால் நன்றாக இருக்கும் என்று தெரிந்துதான் குனிந்தேன். எனக்கு நெருக்கமான ஒருத்தி. எனக்கு இருப்பதே ஒரு அக்காதான், அவளுக்கு இருப்பதே ஒரு பிள்ளைதான்.

அந்த நாலு நாளைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். பிரசவத்துக்கு அக்கா அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், பிள்ளை பிறந்து மூன்று வாரம். நான் சென்னையிலிருந்து கிடாரைக்கூட எடுக்காமல் போனேன், அதை ஒரு பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டு. செல்வின் அத்தான் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அம்மாவுக்குச் சமையல், துணி, வருகிற போகிற சொந்தக்காரர்கள், அதற்கு நடுவே சபைப் பெண்கள் கூட்டம். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா கூட்டத்துக்குப் போய்விட்டாள். பின்கட்டு அறை, இரும்புக் கட்டில், ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்று தட்டும். கொடியில் பிள்ளைத் துணிகள். அக்கா மஞ்சளில் பழுப்புப் பூப்போட்ட நைட்டி, முன்பக்கம் பால் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள், "ஏட்டி, இது யாருது?" நான் துணியைக் கேட்கிறாளோ என்று நினைத்தேன். "எதுக்கா?" "இதுதான். யார் வீட்டுப் பிள்ளையவோ எங்கிட்ட தந்துட்டுப் போயிட்டாங்கட்டி. அழுதுகிட்டே கெடக்கு. எனக்கு ஒண்ணுமே தோணமாட்டுக்கு." குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. நான் என்ன செய்தேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. தோளில் கை வைக்கவில்லை. "சரியாயிரும்க்கா" என்றேன். என்றேனே தவிர அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டது, யார் வீட்டுப் பிள்ளையவோ, யார் வீட்டுப் பிள்ளையவோ, மூன்று மூன்றாக விழுந்தது, கடைசியில் ஒரு இடம் காலியாக நின்றது, அந்தக் காலி இடத்தில் ஒரு கிடார்த் தந்தி மட்டும் என்று தோன்றியது. வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டேன். பேனா இல்லை. புருவத்துக்குப் போடும் பென்சில் இருந்தது. மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து உட்பக்கத்தில் எழுதினேன், அவள் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல். மறந்துவிடுமோ என்று பயம். அக்காவைப் பற்றி அந்த நேரம் பயப்பட்டதாக ஞாபகமில்லை, வரி மறந்துவிடுமோ என்றுதான்.

மறுநாள் கிளம்பினேன். அக்கா வாசல்வரை வந்து, "இன்னும் ரெண்டு நாள் இரேன்" என்றாள். அவள் யாரையும் இருக்கச் சொல்கிறவள் இல்லை. ரிக்கார்டிங் இருக்குக்கா என்றேன். ரிக்கார்டிங் எதுவும் இல்லை, நான் போய் வைத்தால்தான் உண்டு, சாலிகிராமத்தில் கிருபாகரனின் அறைதான் ஸ்டூடியோ, முட்டை அட்டையும் பழைய மெத்தையும் சுவரில் அடித்த அறை. கிருபாகரன் அப்போது என்னோடு பேஸ் கிடார் வாசித்தவன், ஒலிப்பதிவும் அவன்தான், கொஞ்ச காலம் எல்லாமும் அவன்தான். அந்தப் பாட்டைப் பாடிக் காட்டியதும் அவன், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டான். எனக்குள்ள இருந்து என்றேன். அதுதான் முதல் பொய், அப்புறம் வந்ததெல்லாம் அதன் பிரதிகள். ஒரு வாரம் பதிவு செய்தோம், போனை அணைத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு. ஒரு நாள் சாயங்காலம் டிராயரைத் திறந்து போனை ஆன் செய்தால், அக்கா பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள் என்று மெசேஜ் வந்து விழுந்தது. பதினொன்று. திரும்பக் கூப்பிட்டேன், உடனே எடுத்தாள், "சும்மாதான்ட்டி, கிரைப்வாட்டர் பாட்டில எங்க வச்சன்னு கேக்கலாம்னு" என்றாள். கிரைப்வாட்டர் பாட்டிலுக்குப் பதினொரு தடவையா என்று நான் கேட்கவில்லை. அலமாரியில இரண்டாவது தட்டு என்றேன். அவள் சரி என்றாள். அவள் மூச்சு கேட்டது, அந்தப் பக்கம் பிள்ளை அழும் சத்தம் கேட்டதா இல்லையா, தெரியவில்லை. நான்தான் வைத்தேன். மறுபடி மூன்றாவது பாட்டில் என் குரல்மேலேயே இன்னொரு தடவை பாடிச் சேர்க்கப் போனேன். பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும், அக்காவை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள், ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். எதற்கு என்று அம்மா சொல்லவில்லை, உடம்பு சரியில்லாம இருந்தா என்று மட்டும். நானும் கேட்கவில்லை, கேட்டால் பாட்டுக்கு அர்த்தம் வந்துவிடும்.

ஆல்பம் வெளிவந்தபோது ஒரு சிடி தபாலில் அனுப்பினேன். அக்கா போன் செய்து, "நல்லாருக்குட்டி எல்லாம். அந்த மூணாவது மட்டும் கொஞ்சம் மெதுவா போகு" என்றாள். அவ்வளவுதான். அத்தான் அதைக் காரில் போட்டுக்கொண்டு போவார் என்று பிறகு கேள்விப்பட்டேன், மூன்றாவது பாட்டையும் சேர்த்து, பின் சீட்டில் பிள்ளையோடு அக்கா உட்கார்ந்திருக்க. மூன்றாவதைத்தான் ஊரெல்லாம் கேட்டார்கள். மதுரையில் ஒரு கல்லூரியில் பாடி முடித்து இறங்கியபோது ஒரு பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அப்படியேதாங்க இருந்துச்சு, நான் மட்டுந்தான் பாவின்னு நெனச்சிருந்தேன்" என்று அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வாசல்படியிலிருந்து எழுந்து போய் அக்காவைக் கட்டிக்கொள்ளாதவள், மதுரையில் பெயர் தெரியாதவளைக் கட்டிக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தேன். உங்கள் அனுபவமா என்று கேட்டவர்களிடம் எல்லாமே அனுபவந்தானே என்று சிரித்தேன், பிள்ளையே பெறாதவள். மேடையில் அந்தப் பாட்டின் ஒரே இடத்தில் கண் கலங்கும், தோணமாட்டுக்கு என்று இறங்கும் இடத்தில், முதல் சில தடவை நிஜமாகவே கலங்கியது, பிறகு அந்த இடம் வந்தால் கண்ணுக்கே பழகிவிட்டது. முந்நூறு தடவையாவது பாடியிருப்பேன். இரண்டாவது ஆல்பம் பயத்தில் செய்தது, முதலாவது அளவுக்கு வராதோ என்ற பயத்தில் எல்லாவற்றிலும் வயலினைக் கொட்டினேன். கிருபாகரன் வேண்டாம் என்றான், அவன் வாசித்ததையெல்லாம் எடுத்துவிட்டு நானே திரும்ப வாசித்தேன், அட்டையில் அவன் பெயரையும் விட்டேன். அவன் சண்டை போடவில்லை. கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனவன்தான், இப்போது ஓசூரில் ஏதோ வேலை என்கிறார்கள். மூன்றாவது ஆல்பத்தைக் கேட்டால், என்னை யாரோ நன்றாக மிமிக்ரி செய்வதுபோல இருக்கும். பதினைந்து வருஷத்தில் நிற்கிறது என்று சொல்லத்தக்க பாட்டு எத்தனை என்று கூட்டிப் பார்த்தால் மூன்றோ நாலோ, அதில் முதலில் வருவது என் வார்த்தை இல்லை.

முன்நெற்றியில் அரிக்கிறது. சொறிய முடியாது. ஸ்கூட்டர் நின்றுவிட்டது, கிளம்பியதா கைவிட்டார்களா தெரியவில்லை. போனில் இன்னும் இருபத்திரண்டு நிமிடம். ஜெமியின் மெசேஜுக்குக் கீழே நான் பார்த்துவிட்டேன் என்ற நீலக் குறி அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். என்ன சொல்வது. ஆமா என்று சொன்னால் என்ன ஆகும். ஒரு பதினாறு வயதுப் பெண், தன்னைப் பெற்றவள் தன்னைப் பார்த்து இது யாருது என்று கேட்டாள் என்பதையும், அதை ஊரெல்லாம் கைதட்டிக் கேட்டது என்பதையும் ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்துகொள்வாள். அக்காவிடம் போய் நிற்பாள். அக்கா என்ன சொல்வாள். அக்கா பதினாறு வருஷமாக மூடி வைத்திருப்பதை நான் இரண்டாவது தடவையும் எடுத்து வெளியில் போட்டதாக ஆகும். அதனால் பொய் சொல்வதுதான் நல்லது, அது ஜெமிக்காக, அக்காவுக்காக, என்று ஒரு குரல் எனக்குள் சொன்னது, ரொம்ப நியாயமான குரல், ரிக்கார்டிங் இருக்குக்கா என்று சொன்ன அதே குரல்தான், எனக்கு அடையாளம் தெரிந்தது, தெரிந்தும் அதைத் தடுக்கவில்லை. எழுத முடியாது, உறையில் டை. அந்தச் சுண்டுவிரலால் அழுத்திக் குரலில் பதிவு செய்தேன். என் குரல் எனக்கே அழகாகக் கேட்டது, கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் செல்லம், எங்கே மூச்சு விடவேண்டும் என்று தெரிந்த குரல். "அய்யோ, இல்ல ஜெமி. அது சித்தியோட ஃபிரண்டு ஒருத்தி, உனக்குத் தெரியாது. நீ பொறந்தப்போ நான்தான் அங்க இருந்தேனே. உங்கம்மா உன்னக் கீழயே விடல, அப்படியே மடியிலயே வச்சிருந்தா." விரலை எடுத்தேன், போய்விட்டது. கடைசி வாக்கியத்தை யார் கேட்டார்கள். கேள்விக்கு இல்லை என்ற பதில் போதும். ஆனால் ஒரு பொய் தனியாக நின்றால் மெலிவாக இருக்கும், பக்கத்தில் ஒரு காட்சி வைத்தால் நிற்கும், அது தொழில் பழக்கம். கால் மணி நேரம் கழித்துத்தான் ஜெமியிடமிருந்து இரண்டு வார்த்தை வந்தது, சரி சித்தி. நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிம்மதியாக இருக்கிறதா என்று உள்ளே பார்த்தேன். அதுவும் இல்லை. சிங்க்கில் ஒரு தட்டு, தட்டில் இட்லிச் சட்னி காய்ந்து ஒரு கோடு. நாளைக்கு மூன்றாவது பாட்டைப் பாடலாமா, விட்டுவிட்டு இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினால் யாராவது கேட்பார்களா, கேட்பார்கள், அதற்குத்தான் வருகிறார்கள்.

போன் அடித்தது. பியூலா அக்கா. சுண்டுவிரலால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம், பாத்திரம், பிறகு அக்கா.

"ஏட்டி, பிள்ளைக்கு என்ன அனுப்பி வச்சிருக்க?"

"என்னக்கா?"

"ஃபிரண்டுன்னு சொல்லிருக்க. யாரு அந்த ஃபிரண்டு?"

அக்கா குழாயை மூடினாள்.

"அவளுக்குத் தெரியும்ட்டி. எட்டாப்பு படிக்கையிலயே நான் சொல்லிட்டேன். ஒரு நாள் எங்கிட்ட சண்ட போட்டுட்டு, நீ என்னயப் பெத்ததுக்குச் சும்மா இருந்திருக்கலாம்னு சொல்லிட்டா. அப்பத்தான் ஒக்கார வச்சு உன் பாட்டப் போட்டுக் காட்டினேன். இதுதான் நான், இப்படித்தான் இருந்தேன், பெறகு சரியாயிட்டேன்னு. எனக்கு வேற எப்படிச் சொல்லன்னு தெரியல."

"எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா."

"நீ கேக்கவே இல்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்பதுபோலச் சொன்னாள். நான் கேட்டேன், "உனக்கு எம்மேல கோவமாக்கா, பாட்டுக்கு?" இந்த வாக்கியத்தை எத்தனை வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன், எத்தனை விதமாக, கடைசியில் பிசுபிசுத்த தலையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கும்படி ஆயிற்று.

"பாட்டுக்கு என்னட்டி கோவம். நான் சொன்னதத்தான பாடின. ரெண்டு நாள் இருன்னு சொன்னேன், நீ போயிட்ட. அது கொஞ்ச நாள் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

"பெறகு ஜெமி எதுக்குக்கா எங்கிட்ட கேட்டா, தெரிஞ்சுக்கிட்டே?"

"நேத்து உன் பேட்டியப் பாத்தோம், ரெண்டு பேரும். நீ இவ்வளவு தொறந்து பேசுதியே, இப்ப கேட்டா சொல்லுவான்னு நாந்தான் சொன்னேன். அவளுக்கு ஒண்ணு தெரியணும். மொதல்ல இத நீ ஒத்துக்கிட்டா அதக் கேக்கலாம்னு இருந்தா. இந்தா, அவகிட்டயே பேசு."

போன் கை மாறும் சத்தம். நாற்பத்தைந்து நிமிடம் முடிந்துவிட்டது என்று போன் நடுவில் வேறு கத்தியது, அதை அணைத்தேன், உறையிலிருந்து திரையில் ஒரு கறுப்புத் தீற்று விழுந்தது. கழுவப் போகவேண்டும், போகவில்லை.

"சித்தி." ஜெமியின் குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, பெரிய பெண்ணின் குரல், இதைக் கடைசியாக எப்போது கேட்டேன். "அந்த ஃபிரண்டு கதைய விடுங்க. அதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. அம்மா என்னக் கீழயே விடல, மடிலயே வச்சிருந்தான்னு சொன்னீங்கள்லா, அது மட்டும் நெசமா?"

"ஜெமி..."

"அம்மாக்கு அந்த ஒரு மாசம் ஞாபகமே இல்லங்காங்க. என்னத் தூக்கினாங்களா, பால் குடுத்தாங்களா, ஒண்ணுமே தெரியலயாம். அப்பா சாயங்காலம் எட்டிப் பாத்ததோட சரி, அவங்களுக்கும் தெரியலயாம். ஆச்சி இருந்தா ஆச்சிகிட்ட கேக்கலாம். நீங்கதான் இருந்தீங்க."

ஒரே ஒரு ஆமா. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொல்லவேண்டும் என்றும் எனக்குத் தெரியும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் ஒரு பதினாறு வயதுப் பெண்ணும் கூடவே அவள் அம்மாவும் சாகும்வரை நம்புவார்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் ஒரு தடவை, பொய் ஆகாமல் இருக்குமா என்று பார்க்க, அந்த அறைக்குப் போனேன். கட்டில் இருக்கிறது. ஃபேன் தட்டுகிறது. மஞ்சள் நைட்டி இருக்கிறது, அக்காவின் முகம் சுவர்ப் பக்கம் இருக்கிறது, என் மடியில் வெங்காயம், விரலில் அதன் தோல் ஒட்டியிருப்பது வரை இருக்கிறது. அழுகைச் சத்தம் அறை முழுக்க இருக்கிறது. அக்காவின் கைகளைத் தேடினேன். கைகள் எங்கே இருந்தன. மடியில் பார்த்தேன், கட்டிலில் பார்த்தேன், கொடிக்குக் கீழே தொட்டிலா, தொட்டில் கட்டியிருந்தார்களா அந்த அறையில். அழுகை இருக்கிறது, அழுகிற பிள்ளை இல்லை. ஒரு வேளை அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டேதான் அப்படிக் கேட்டாளோ. ஒரு வேளை அது தரையில் கிடந்ததோ. இரண்டையும் என்னால் அச்சு அசலாக வரைய முடிந்தது, இரண்டில் ஒன்றையும் நான் பார்த்திருக்கவில்லை.

"தெரியல ஜெமி."

"நாலு நாள் அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அம்மா அதச் சொன்னாங்கள்லா, பாட்டுல வர்றது. அப்ப நான் எங்க இருந்தேன்? தொட்டில்லயா, மடிலயா?"

"எனக்குத் தெரியல. நீ அழுதது கேட்டுச்சு. உங்கம்மா பேசினது கேட்டுச்சு. உன்ன நான் பாக்கல."

"மடிலயே வச்சிருந்தான்னு இப்ப சொன்னது?"

"சும்மா சொன்னேன்."

அழவில்லை. கணக்கில் ஒரு வரியைத் திரும்பப் பார்க்கும் பிள்ளைபோலக் கேட்டாள், "அப்ப நீங்க என்ன செஞ்சுட்டிருந்தீங்க சித்தி?"

"பாட்டு எழுதிட்டிருந்தேன்."

ஜெமி போனை முகத்திலிருந்து விலக்கினாள், சத்தம் தூரமானது. "தெரியலயாம்மா" என்று அவள் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, அக்கா வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். கேட்கவேண்டும் என்று இருந்தது ஜெமி மட்டும் இல்லை. பதினாறு வருஷமாக அக்காவுக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது, தன் கை அன்றைக்கு எங்கே இருந்தது என்று. என்றைக்காவது நானே சொல்வேன் என்று இருந்திருக்கிறாள். பதினொரு தடவை கூப்பிட்டது எதற்கு என்று இப்போது கேட்கலாமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கழுத்தின் பின்பக்கம் ஒரு சொட்டு இறங்கிப் போனது.

"ஏட்டி." அக்காதான். போனை வாங்கிவிட்டாள்.

"சொல்லுக்கா."

"நெசமாவே ஒண்ணும் ஞாபகம் இல்லியா? யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேன்க்கா. இல்ல."

"அம்மாவும் இல்ல இப்ப," என்றாள் அக்கா. "அப்ப இனி யார்ட்டயும் கேக்க முடியாது, என்னட்டி."

"ஆமாக்கா," என்றேன்.